பிடுங்குறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி
(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



போன வருசம் இதே கூட்டத்துல ஒரு அக்கா ஆடு வளர்ப்பைப் பத்திப் பேசினாங்க. எனக்குப் பல்லைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. சிரிக்கிறவங்க சிரிங்க, பல்லு இருந்தாத்தானே சிரிக்க முடியும். நான் டாக்டரும் இல்ல, நர்சும் இல்ல. பத்தாவது வரைக்கும் படிச்சவ. எங்க குழுவுல தீர்மான நோட்டும் கடன் பேரேடும் எழுதுறது என் வேலை. அந்தப் பேரேட்டைப் புரட்டினப்ப கண்ணுல பட்டதுதான் இந்தப் பேச்சுக்கே காரணம்.

மூணு வருசமா நம்ம குழுவுல என்னென்னத்துக்கு உள்கடன் வாங்கியிருக்கோம்னு ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். கறவை மாடு, தையல் மெஷின், மகன் காலேஜ் ஃபீஸ், மக காதுகுத்து, மோட்டார் ரிப்பேர், வீட்டுக்காரர் வண்டிக்கு டியூ, மாமனார் ஆபரேசன். எல்லாம் இருக்கு. தன் உடம்புக்குன்னு ஒருத்தி வாங்கின கடன் ரெண்டே ரெண்டு. ஒண்ணு கர்ப்பப்பை ஆபரேசனுக்கு. இன்னொண்ணு பல்லுக்கு, அது நான் வாங்கினது. அப்ப நம்ம யாருக்கும் பல்லு வலிக்கலையா? வலிச்சிருக்கு. மெடிக்கல் கடையில பத்து ரூபாய்க்கு ஒரு செட்டு மாத்திரை வாங்கிப் போட்டுட்டுக் களையெடுக்கப் போயிருப்போம். அது பேரேட்டுல ஏறாது.

என் விசயத்தைச் சொல்லிடுறேன். தை மாசம், ரேசன் அரிசிச் சோத்துல கெடந்த கல்லைக் கடிச்சுட்டேன். கீழ் வரிசை கடைவாய்ப் பல்லுல ஒரு துண்டு பேந்து கையில வந்துருச்சு. ஒரு வாரம் கழிச்சு டீ குடிச்சா சுளீர்னுச்சு. அப்புறம் ராத்திரி படுத்தாலே விண்ணுவிண்ணுன்னு காது வரைக்கும் இழுத்துச்சு. டவுனுக்குப் போய் ஒரு பல் டாக்டர்கிட்ட காட்டினேன். வாயைத் திறக்கச் சொல்லி, ரெண்டு நிமிசம் பார்த்துட்டு, "பிடுங்கிடலாம்மா, நானூறு ரூபா ஆகும்"னார்.

நான் கேட்டேன், "சார், இந்தப் பல்லைக் காப்பாத்த வழியே இல்லையா?"

அவர் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தார். "வழி இருக்கு. வேர் சிகிச்சை பண்ணி மேல கேப் போடலாம். நீங்க அவ்வளவு செலவு பண்ண மாட்டீங்கன்னு நினைச்சேன்"னார்.

அவர் மேல எனக்குக் கோபம் இல்ல. கெட்ட மனுசனும் இல்ல, பின்னாடி அவரேதான் நல்லாப் பண்ணியும் விட்டார். ஆனா என் சேலையையும் செருப்பையும் பார்த்து, என் பல்லுக்கு எது போதும்னு அவரே முடிவு பண்ணிட்டார் பாருங்க, அதைத்தான் உங்ககிட்ட சொல்லணும்னு நினைச்சேன். நம்ம வீட்டுலயும் இதே கதைதான். "பின்னாடி பல்லுதானே, யாருக்குத் தெரியப்போகுது, பிடுங்கிப் போட்டுட்டு வா"ன்னு சொல்லுவாங்க. யாருக்குத் தெரியணும்? மெல்லப்போறது நானு.

அந்த டாக்டரம்மா ஒருத்தங்களும் அங்க இருந்தாங்க, படம் வரைஞ்சே காட்டினாங்க. பல்லுக்கு வெளியில வெள்ளையா, ரொம்பக் கெட்டியா ஒரு ஓடு. உடம்புலயே கெட்டியான பொருள் அதுதானாம், எலும்பைவிடக் கெட்டி. அதுக்கு உள்ள கொஞ்சம் மஞ்சளா இன்னொரு அடுக்கு. அதுக்கும் உள்ள நடுவுல குழி. அந்தக் குழியில நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கு. அந்தக் குழியே மெல்லிசாகி வேருக்குள்ள இறங்குது. முன்பல்லுக்கு ஒரு வேர், உள்ள ஒரு கால்வாய். கடைவாய்ப் பல்லுக்கு ரெண்டு மூணு வேர், உள்ள மூணு நாலு கால்வாய்கூட இருக்கும். அந்தக் கால்வாயைத்தான் இங்கிலீஷ்ல ரூட் கேனல்ங்கிறாங்க.

இனிப்போ சோறோ பல்லுல ஒட்டிக்கிட்டுக் கெடந்தா, வாயில இருக்கிற கிருமி அதைத் தின்னு அமிலமாக்குது. அந்த அமிலம் ஓட்டை அரிக்குது. நாம பூச்சிப்பல்லுன்னு சொல்லுறோம், உண்மையில பூச்சி ஏதும் இல்ல. ஊதுபத்திப் புகை காட்டி, விதையை வச்சுப் பூச்சி எடுக்கிறேன்னு ஊருக்குள்ள வர்றவங்க காட்டுற புழு நம்ம பல்லுல இருந்து வந்தது இல்ல.

அரிப்பு வெளி ரெண்டு அடுக்கோட நின்னா, சுத்தம் பண்ணி அடைச்சுடலாம். ஒரே நாள்ல முடிஞ்சுபோற வேலை. அடைச்சதோட சரி. குளிர்ச்சியா, இனிப்பா ஏதாவது பட்டா மட்டும் கூசி உடனே அடங்கிடுதுன்னா பெரும்பாலும் இந்தக் கட்டம்தான். நம்மள்ல யாரும் இந்தக் கட்டத்துல போறது இல்ல, வலிக்கலையேன்னு இருந்துடுறோம். செலவு கம்மியா முடியிற கட்டம் இது ஒண்ணுதான்.

அரிப்பு நடுக்குழியைத் தொட்டுட்டா கதை மாறிடும். சூடு பட்டா வலி, அது ரொம்ப நேரம் நிக்கும். ராத்திரி படுத்தா அதிகமாகும். தானாவே வலிக்கும். எனக்கு வந்தது இதுதான். கல்லு கடிச்சது ஒரு சாக்கு, உள்ளுக்குள்ள ஏற்கனவே அரிச்சிருந்துருக்கு.

இதுக்கு அடுத்த கட்டம்தான் நம்மளை ஏமாத்துற கட்டம். ஒருநாள் வலி தானாவே நின்னுபோகும். கிராம்பு வச்சேன், சரியாப்போச்சுன்னு நாம சொல்லுவோம். சரியாகலை. உள்ள இருந்த நரம்பு செத்துப்போச்சு, அதான் வலிக்கலை. கிருமி வேர் நுனி வழியா எலும்புக்குள்ள இறங்கிக்கிட்டு இருக்கும். கொஞ்ச நாள்ல ஈறுல கொப்புளம் வரும், சீழ் வரும், கன்னம் வீங்கும். மாத்திரை சாப்பிட்டா வீக்கம் வத்தும், திரும்ப வரும். ஏன்னா செத்துப்போன பல்லுக்குள்ள ரத்த ஓட்டமே இல்ல, மாத்திரை மருந்து அங்க போய்ச் சேர வழி இல்ல. வத்துறதும் வர்றதுமா எத்தனை பேரு வருசக்கணக்காக் கெடக்கிறோம்.

இங்க ஒரு விசயத்தை அழுத்திச் சொல்லணும். பல்லால வந்த வீக்கம் தாடைக்கு அடியில, கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, வாயைத் திறக்க முடியலைன்னாலோ, எச்சில் முழுங்க முடியலைன்னாலோ, காய்ச்சலோட மூச்சு இழுத்தாலோ, அது பல்வலி இல்ல. உயிருக்கு ஆபத்து. விடியட்டும்னு இருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

கை வைத்தியத்தைப் பத்திக் கேப்பீங்க. கிராம்பு கொஞ்ச நேரம் வலியை மரத்துப்போக வைக்கும், அது நிசம். கிராம்புல இருக்கிற சத்தைப் பல் டாக்டர்களே மருந்துல சேர்க்கிறாங்க. ஆனா ஓட்டையை அது அடைக்காது. புகையிலையை அதக்குறது, மாத்திரையைப் பொடிச்சு ஈறுல வைக்கிறது, இதெல்லாம் ஈறைப் புண்ணாக்கிடும். வீங்கின கன்னத்துக்குச் சூட்டு ஒத்தடம் குடுக்கவே கூடாதுன்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்க. வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில கொப்பளிக்கிறது பரவாயில்ல.

சரி, வேர் சிகிச்சைன்னா என்ன பண்ணுறாங்க? நரம்பை இழுத்து வெளியில போடுறாங்க, உயிர் போற மாதிரி வலிக்கும்னு எங்க தெருவுல சொல்லித்தான் அனுப்பினாங்க. மரத்துப்போற ஊசி போடுறப்ப எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் உதடு தடிச்சுப்போன மாதிரி இருந்துச்சே தவிர, வலி இல்ல. வலிச்சா கையைத் தூக்குங்கன்னாங்க. ஒரே ஒரு தடவை தூக்கினேன், இன்னொரு ஊசி போட்டாங்க. மிஷின் சத்தத்துக்குத்தான் பயமா இருந்துச்சு, நம்ம ஊரு மாவு மில்லு மாதிரி தலைக்குள்ள கேக்கும்.

மேல இருந்து சின்னதா துளை போட்டு, கெட்டுப்போனதை எடுக்கிறாங்க. தலைமுடி கனத்துல அரம் மாதிரி ஊசிகள் இருக்கு. அதை ஒவ்வொரு கால்வாய்க்குள்ளயும் விட்டு ராவுறாங்க. எக்ஸ்ரே எடுத்து, வேர் எவ்வளவு நீளம்னு அளந்துக்கிறாங்க. நடுநடுவுல கிருமி கொல்லுற மருந்துத் தண்ணியை விட்டு அலசுறாங்க. என் பல்லுல கிருமி அதிகம்னு உள்ள மருந்து வச்சு, தற்காலிகமா அடைச்சு, ஒரு வாரம் கழிச்சு வரச் சொன்னாங்க. அடுத்த தடவை ரப்பர் மாதிரி மெல்லிசான குச்சிகளை உள்ள விட்டு, இண்டு இடுக்கு இல்லாம அடைச்சாங்க. அது ஒருவிதமான மரத்துப் பால்ல இருந்து எடுக்கிறதாம். மூணாவது தடவை கேப்புக்கு அளவெடுத்தாங்க, நாலாவது தடவை மாட்டினாங்க. சில பேருக்கு ஒரே நாள்ல வேர் சிகிச்சை முடிஞ்சிடுது, அது பல்லோட நிலைமையைப் பொறுத்தது. முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியும் மறுநாளும் கடிச்சா கொஞ்சம் வலி இருந்துச்சு, மாத்திரை குடுத்தாங்க, அடங்கிடுச்சு.

நடுவுல வலி நின்னதும் போகாம விட்டுடுறவங்கதான் நிறையவாம். தற்காலிக அடைப்பு சில வாரத்துக்குத்தான் தாங்கும். அது கழண்டா எச்சிலும் கிருமியும் திரும்ப உள்ள போயிடும், பண்ணின காசும் போச்சு. கேப்பும் அப்படித்தான். வேர் சிகிச்சை பண்ணின கடைவாய்ப் பல்லு ஏற்கனவே பாதி அரிச்சு, துளை போட்டு, வெறும் சுவரா நிக்கும். கேப் இல்லாம அதுல முறுக்கைக் கடிச்சா பிளந்துபோகலாம். வேர் வரைக்கும் பிளந்துட்டா அப்புறம் பிடுங்குறதுதான். முன்பல்லுக்கு, மிச்சப் பல்லு நல்லா இருந்தா, சில நேரம் கேப் இல்லாமலே விடுறாங்க. கேப்புல வெறும் மெட்டல் இருக்கு, மெட்டல் மேல செராமிக் இருக்கு, ஜிர்கோனியான்னு முழு வெள்ளை இருக்கு. பின்பல்லுக்கு மெட்டல் கேப் போதும், உழைப்புல அதுக்குக் குறைச்சல் இல்ல. விலையும் கம்மி. "வெள்ளைதான் நல்லது"ன்னு அவங்க சொன்னா, எதுக்கு நல்லதுன்னு கேளுங்க.

எனக்கு எவ்வளவு ஆச்சு? வேர் சிகிச்சைக்கு 3,500. மெட்டல் மேல செராமிக் கேப் 2,500. குழுவுல 6,000 உள்கடன் எடுத்தேன். நூத்துக்கு ஒரு ரூபா வட்டி, மாசம் 600 அசல், பத்து மாசம். மொத்த வட்டி 330 ரூபா. பஸ்ஸுக்கும் மாத்திரைக்கும் கைக்காசு. இது எங்க டவுன்ல நான் குடுத்தது, ஊருக்கு ஊரு மாறும். வீட்டுல கேட்டாங்க, நானூறுல முடியுறதுக்கு ஆறாயிரமான்னு. அதுக்கு நான் எங்க அம்மாவைக் காட்டினேன்.

எங்க அம்மாவுக்கு 58 வயசு. வலிச்ச பல்லையெல்லாம் ஒவ்வொண்ணாப் பிடுங்கினாங்க. ஒவ்வொரு தடவையும் சல்லிசாத்தான் முடிஞ்சுச்சு. இப்பக் கடைவாய்ல எட்டுப் பல்லு இல்ல. கடலை திங்க முடியாது, கறியை நசுக்கித்தான் குடுக்கணும், கீரையைக்கூட மசிச்சுத்தான். கல்யாண வீட்டுப் பந்தியில உட்கார்ந்தா ரசஞ்சோத்தோட எந்திரிச்சிடுறாங்க. ஒரு பல்லைப் பிடுங்கினா இடம் காலியாகிறதோட முடியிறது இல்லைங்க. பக்கத்துப் பல்லு அந்தக் காலி இடத்துப் பக்கம் சாயும். எதிர்ல இருக்கிற பல்லு முட்டுக்குடுக்க ஆள் இல்லாம மெதுவா இறங்கும். இடுக்குல சோறு மாட்டும், அடுத்த பல்லு அரிக்கும்.

பிடுங்கவே கூடாதுன்னு சொல்ல வரலை. வேர் வரைக்கும் பிளந்த பல்லு, கேப் மாட்டக்கூட மேல ஒண்ணும் மிஞ்சாத பல்லு, எலும்பு கரைஞ்சு ஆடுற பல்லு, கோணலா முளைச்சு இடைஞ்சல் பண்ணுற ஞானப்பல்லு, இதையெல்லாம் எடுத்துடுறதுதான் சரி. வேர் சிகிச்சையும் நூத்துக்கு நூறு நிக்கும்னு யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க. சில பல்லு திரும்ப வலிக்கும், மறுபடி பண்ண வேண்டி வரும், இல்ல கடைசியில எடுக்க வேண்டி வரும். நம்ம கையில அந்த நேரம் காசும் இல்ல, சீழும் வைக்குதுன்னா, கிருமியோட வச்சிருக்கிறதைவிடப் பிடுங்குறது மேல்.

மேல் பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடும்னு சொல்லுறதை நம்பாதீங்க. பார்வைக்குப் போற நரம்பு வேற, பல்லுக்குப் போற நரம்பு வேற. எங்க பெரியம்மா இந்தப் பயத்துலயே ரெண்டு வருசம் சீழோட இருந்தாங்க.

பிடுங்கின அன்னைக்கு வைக்கிற பஞ்சை அரை மணி நேரத்துக்கு மேல அழுத்திக் கடிச்சிருக்கணும். துப்பிக்கிட்டே இருக்கக் கூடாது, அன்னைக்கு வேகமாக் கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, வெத்தலை புகையிலை ஆகவே ஆகாது. அந்தக் குழியில ரத்தம் உறைஞ்சு நிக்கிறதுதான் காயத்துக்கு மூடி. அது கழண்டா ரெண்டு மூணு நாள் கழிச்சு எலும்பு தெரிஞ்சு, பிடுங்குறதுக்கு முன்னாடி இருந்ததைவிட வலிக்கும். அப்படி வலிச்சா திரும்பப் போய்க் காட்டணும்.

பிடுங்கின இடத்தை நிரப்ப மூணு வழி. கழட்டி மாட்டுற பல் செட்டு, அதுதான் விலை கம்மி. எங்க மாமியார் வச்சிருக்காங்க, ராத்திரி டம்ளர் தண்ணியில கெடக்கும், என் சின்ன மகன் அதைப் பார்த்துட்டு அந்த டம்ளர்ல தண்ணியே குடிக்க மாட்டான். ரெண்டாவது பாலம் மாதிரி கட்டுறது, பிரிட்ஜுன்னு சொல்லுவாங்க. கழட்ட வேண்டாம், ஆனா ரெண்டு பக்கத்துலயும் இருக்கிற நல்ல பல்லை அரைச்சுத்தான் மாட்டணும். மூணாவது இம்பிளான்ட். எலும்புக்குள்ள டைட்டானியம் திருகு வச்சு, அது எலும்போட ஒட்டுறதுக்குச் சில மாசம் காத்திருந்து, மேல பல்லு கட்டுறது. எங்க டவுன்ல ஒரு பல்லுக்கு 25,000 சொன்னாங்க. கேட்டுட்டு வந்துட்டேன். இந்த மூணையும் வச்சுப் பார்த்தாத்தான் நானூறு ரூபா கணக்கு எங்க போய் நிக்கும்னு தெரியும்.

தனியார்கிட்டதான் போகணும்னு இல்ல. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலயும் நிறைய தாலுகா ஆஸ்பத்திரியிலயும் பல் பிரிவு இருக்கு. சென்னையில கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிர்ல அரசு பல் மருத்துவக் கல்லூரி ரொம்ப வருசமா இருக்கு. சிதம்பரத்துல ஒண்ணு இருக்கு. நம்ம புதுக்கோட்டையிலயும் 2023-ல ஆரம்பிச்சுட்டாங்க. கல்லூரியில நேரம் பிடிக்கும், ரெண்டு மூணு நடை கூட ஆகும், அதுக்குத் தயாரா காலையிலயே போயிடணும். எங்க போனாலும், சுகர், பி.பி., இதய நோய், ரத்தம் உறையாம இருக்கச் சாப்பிடுற மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்காது, உண்டாகி இருக்கீங்களா, இதையெல்லாம் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. நாமளா எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. கர்ப்பமா இருந்தா பல்லைத் தொடவே கூடாதுன்னு இல்ல. நாலுல இருந்து ஆறு மாசம் வரைக்கும் வசதியான காலம். சீழ் வச்சா எந்த மாசமா இருந்தாலும் காட்டணும்.

எங்க குழுவுல இப்ப ஒரு தீர்மானம் போட்டிருக்கோம். உறுப்பினரோட சொந்த வைத்தியத்துக்குன்னா மாதக் கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், ஊக்குநரும் ரெண்டு பிரதிநிதிகளும் கையெழுத்துப் போட்டு, 8,000 வரைக்கும் அன்னைக்கே குடுக்கலாம், அடுத்த கூட்டத்துல வாசிச்சுப் பதிஞ்சுக்கலாம். அந்தத் தீர்மானம் போட்ட பிறகு ரெண்டு பேரு பல்லுக்கு வாங்கியிருக்காங்க. ஒருத்தங்களுக்கு வெறும் அடைப்போட முடிஞ்சுது, வாங்கின 2,000-ல மிச்சத்தை மறுவாரமே கட்டிட்டாங்க. தீர்மான வாசகம் வேணும்னா என்கிட்ட கேளுங்க, எழுதித் தர்றேன்.

பேச்சு முடிஞ்சதும் பின் வரிசையில இருந்து ஒரு தங்கச்சி எந்திரிச்சு, "பிள்ளைக்குப் பால் பல்லுதானே அக்கா சொத்தை, விழுந்து முளைக்கத்தானே போகுது, விட்டுடலாமா?"ன்னு கேட்டா. அதையும் இந்த மலர்ல சேர்த்துடுங்கன்னு தலைவி அக்கா சொன்னாங்க. பின்பக்கத்துப் பால் பல்லு பத்து, பன்னெண்டு வயசு வரைக்கும் இருக்க வேண்டியது. அதுவரைக்கும் அந்த இடத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டாத்தான் அடுத்த பல்லு நேரா வரும். இன்னொண்ணு, ஆறு வயசு வாக்குல பால் பல்லு வரிசைக்கு எல்லாம் பின்னால, எதுவும் விழாமலே ஒரு பெரிய கடைவாய்ப் பல்லு முளைக்கும். மேல ரெண்டு, கீழ ரெண்டு. அதையும் பால் பல்லுன்னு நினைச்சு விட்டுடுறோம். அது விழுந்து முளைக்காது, கடைசி வரைக்கும் அது ஒண்ணுதான்.